எண்ணெய் காணாத ஏரோப்ளேன்

பருத்தியில் புழு விழுந்த ஒரு வருஷம், மேலிருந்து மருந்தடிக்க ஒரு குட்டி ஏரோப்ளேன் வந்தது. சுந்தரபாண்டியம் பக்கத்துத் தரிசில்தான் இறங்கும். ராஜபாளையம் மில்லில் பிட்டராக இருந்த என் சித்தப்பா, அதற்கு மருந்து நிரப்பும் கூடுதல் வேலைக்குப் போனார். போவதற்கு முந்தின நாளே, "ஏலே, உன்னைய அதுல ஏத்தி ஒரு சுத்து சுத்தச் சொல்லுதேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் சைக்கிளில் போனேன். ப்ளேன் வந்து நின்றதுதான் தாமதம், சித்தப்பா ஓடிப்போய் இன்ஜினிலிருந்து எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினார். எண்ணெய் கம்பியில் போட்டிருந்த கோட்டுக்குக் கீழே இருந்தது.

"போச்சுலே! ஆயில் காணாது. ஆள் ஏத்தக் கூடாது. வா, வீட்டுக்குப் போவோம்."

அவர் குரலில் வருத்தமே இல்லை. எனக்குத்தான் கண் கலங்கியது.

மெட்ராஸ்காரரான விமானி இறங்கி வந்தார். "இப்பதானே நிறுத்தினேன்? ஆயில் இன்னும் மேலயே இருக்கும், வடியட்டும். ஒரு சக்கரம் வேற பள்ளத்துல நிக்குது. இப்படிப் பார்த்தா எப்படிச் சரியாக் காட்டும்?"

சமதரைக்குத் தள்ளினோம். செத்த நேரம் காத்திருந்தோம். கம்பியைத் துடைத்துவிட்டுத்தான் மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும், பிள்ளைகளா. துடைக்கச் சித்தப்பா பேண்டேஜ் துணியை எடுத்தார். எங்கள் பக்கத்துத் தறிகளில் நெய்வது அதுதான்; மூக்குச் சிந்தவும் அதுதான், சைக்கிள் துடைக்கவும் அதுதான். "ஐயோ, நூல் பிரிஞ்சு இன்ஜினுக்குள்ள போயிடும்!" என்று விமானி தன் கைக்குட்டையைக் கொடுத்தார். துடைத்து, முழுக்க உள்ளே விட்டு எடுத்தார்கள். எண்ணெய் சரியாகக் கோட்டில் நின்றது.

"அப்ப நான் ஏறலாமா?" என்று குதித்தேன்.

சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது. எண்ணெய் இருந்தால் சந்தோஷம்தானே, இவருக்கு என்ன வந்தது என்று நினைத்தேன்.

விமானி அவர் முகத்தைப் பார்த்தார். என் தீபாவளிச் சட்டையையும் பார்த்தார். சிரிக்கவில்லை. என்னைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தார். கம்பியை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, இந்த ஆயில் எனக்குச் சரியா இருக்கும். இன்னொருத்தர் ஏறினாப் போதாது."

"நான் அப்பவே சொன்னேம்லலே?" என்றார் சித்தப்பா, பெரிய மூச்சு விட்டு.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் அதையே சொன்னேன்: ப்ளேன் தயார், நானும் தயார், எண்ணெய்தான் காணாது. அந்த ப்ளேனில் இருந்தது ஒரே ஒரு சீட்டு. அதில் உட்கார்ந்து பார்த்தவனே நான்தான். நான் பறக்கும்போது விமானி எங்கே உட்காருவார் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.