குருத்து ஞாயிறன்று கொல்லிமலையில் பூட்டிக் கிடந்த கோயில்

சென்ற தவக்காலத்தில், குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை, திருச்சியிலிருந்து கொல்லிமலைக்குப் போனோம். நானும் என் கணவர் ஜெரால்டும் மகள் ஆன்சியும் ஒரு காரில். ஜெரால்டின் நண்பர் வின்சென்டும் அவர் மனைவி ஷீலாவும் இன்னொரு காரில். அருவியைப் பற்றியும் மிளகைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது மறுநாள் காலையில் பூசைக்குப் போன கதையை. கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை, அதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

ஏன் அந்த வார இறுதி என்றால், ஆன்சியின் பயிற்சி மையத்துக்கு அப்போதுதான் விடுமுறை. பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை. மருத்துவ நுழைவுத் தேர்வுக்காக அந்த மையத்தில் சேர்த்திருந்தோம். ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்குத் தேர்வு, பிறகு மாலைவரை விளக்க வகுப்பு. பூசைக்குப் போய்விட்டு ஒன்பது மணிக்கு வரட்டுமா என்று நேரில் போய்க் கேட்டேன். அங்கிருந்த மேலாளர் சிரித்துக்கொண்டே, "கடவுள் மன்னிச்சிடுவார் மேடம், கட்-ஆஃப் மன்னிக்காது" என்றார். பக்கத்தில் நின்ற பெற்றோர்களும் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாயங்காலப் பூசை இருக்கிறதே என்பீர்கள். களைத்துப்போய் வந்து சுருண்டு படுக்கிற பிள்ளையை எழுப்பிக் கூட்டிப்போய்ப் பாருங்கள், தெரியும். முதலில் நேரமில்லை என்றாள். சில மாதம் போனதும் பிடிக்கவில்லை என்றாள்.

வழி சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து நாமக்கல் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். அங்கிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரம். அதற்கு மேல் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் காலைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வது நல்லது. மலை ஏறியதும் முதலில் வருகிற சந்தை சோளக்காடு. அங்கே மலைவாழைப்பழமும் மிளகும் வாங்கினோம். பழம் விற்ற அம்மாவிடம், பக்கத்தில் வேதக்கோயில் உண்டா, நாளைக்குப் பூசை எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன். திண்ணனூர் நாடு என்கிற பகுதியில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது, ஃபாதர் காலை எட்டு மணிக்கு வருவார் என்று சொன்னார். ஜெரால்டு காருக்குள்ளிருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் செம்மேட்டில் எங்கள் விடுதி முற்றத்தில் அடுப்பு மூட்டிக் கோழி சுட்டார்கள். நாளைக்கு எட்டு மணிக்குப் பூசை, அதை முடித்துவிட்டு அருவிக்குப் போகலாம் என்றேன். வின்சென்ட்தான், "இன்னுமா ரீட்டா இதெல்லாம்? லீவுக்கு வந்த இடத்துலயுமா?" என்றார். இந்த வின்சென்ட் யார் தெரியுமா? எங்கள் பங்குப் பாடகர் குழுவை நடத்தியவர். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் முழுக்கக் கோயிலிலேயே கிடந்தவர். இப்போது பெரிய கம்பெனியில் பெரிய வேலை. நம்பிக்கை என்பது வளராத மனசின் அடையாளம் என்று அரைமணி நேரம் விளக்கினார். ஷீலா ஆன்சியைப் பார்த்து, நீயாவது நிம்மதியாகத் தூங்கு என்றாள். ஆன்சி சிரித்தாள். மற்றவர்கள் பேச்சைவிட அந்தச் சிரிப்புத்தான் எனக்கு வலித்தது. ஜெரால்டு கோழியைப் புரட்டிக்கொண்டிருந்தார். அறைக்கு வந்த பிறகு, "ஒரு வாரம்தானே, அவங்க தப்பா நெனப்பாங்க" என்றார். நான் தப்பாக நினைப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

காலையில் அவர் எழவில்லை. ஆன்சி எழுந்தாள். என்னோடு சண்டை போடத் தெம்பில்லாமல்தான் எழுந்தாள். மலைச்சாலையில் நான் கார் ஓட்டுவதில்லை என்பதால் செம்மேட்டில் ஆட்டோ பிடித்தோம். போக, இருக்க, திரும்ப என்று அறுநூறு ரூபாய் பேச்சு. ஓட்டுநர் ஜாபர், அடிவாரத்து ஊர்க்காரர். சனி ஞாயிறுகளில் மலையில் சவாரி ஓட்டிவிட்டுப் போவாராம். எங்கே போகிறோம் என்று தெரிந்ததும், "பூசைக்குங்களா, சரிங்கக்கா, நேரத்துக்குக் கொண்டுபோய் உட்டர்றேன்" என்று சொல்லி வேகத்தைக் கூட்டினார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடியாமல் தானும் சவாரிக்கு வருவதில்லை என்றும், கோபித்துக்கொண்டு வேறு ஆட்டோ பிடித்துப் போகிறவர்கள் உண்டு என்றும் சொன்னார். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எங்கள் விடுதியில் யாரும் அவரை வளராத மனசு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தத் துணிச்சல் எல்லாம் சொந்த மதத்துக்காரர்களிடம்தான்.

கோயில் ஒரு மேட்டில் இருந்தது. ஓட்டுக் கூரை, வெள்ளையடித்த சுவர், முன்னால் ஜல்லி கொட்டிய வாசல். கதவில் பூட்டு. படிக்கட்டில் பத்திருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கீழே சாலை ஓரத்தில் அதே அளவு பேர் தனியாக நின்றார்கள். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. பவனியில் பிடிக்கிற தென்னங்குருத்துக் கட்டோடு நின்ற லூர்துமேரி என்ற பெண்மணியிடம் என்ன விஷயம் என்று கேட்டேன். ஐம்பது வயது இருக்கும்.

"கொடிமரத்துச் சண்டைங்க" என்றார்.

இரண்டு ஊருக்கும் இந்த ஒரே கோயில்தான். படிக்கட்டில் இருந்த மேலூர்க்காரர்கள் கோயில் வாசலில்தான் கொடிமரம் நிற்க வேண்டும் என்கிறார்களாம். சாலையில் நின்ற கீழூர்க்காரர்கள் பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்கும்படி ரோட்டோரத்தில் நட வேண்டும் என்கிறார்களாம். போன திருவிழாவிலிருந்து இரண்டு ஊருக்கும் பேச்சில்லை. கோயில் சாவி மேலூர் சவரிமுத்துவிடம். கொடிமரத்துக்கு ஒரு முடிவு சொல்லாமல் கதவைத் திறக்க மாட்டேன் என்று அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஆன்சி ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்தாள்.

"இதுக்காம்மா என்னை எழுப்பிக் கூட்டிட்டு வந்தே?"

வெளியிலிருந்து சிரிக்கிறவர்களுக்கு நான் பதில் வைத்திருந்தேன், ராத்திரி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தேன். உள்ளே இருக்கிற நாமே இப்படிப் பிளந்து நின்றால் பிள்ளையிடம் எதைக் காட்டுவது? வந்த கோபத்தில் நேராகப் படிக்கட்டுக்குப் போய்ச் சவரிமுத்துவிடம் சத்தம் போட்டுவிட்டேன். ஊர் உலகமே கோயிலுக்குப் போகாதே என்று பிள்ளைகளை இழுக்கிறது, நீங்கள் வருகிற பிள்ளைக்கும் கதவைப் பூட்டுகிறீர்களே, இது உங்கள் வீட்டுக் கதவா என்று கேட்டேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. "நீங்க டூருக்கு வந்தவிங்க. ஒரு மணி நேரத்துல போயிருவீங்க. நாங்க இங்கயேதான் கெடக்கோணும்" என்றார்.

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனாலும் கோபம் போகவில்லை.

அதற்குள் ஃபாதர் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். சின்ன வயதுக்காரர். வேறொரு ஊரில் ஒரு பூசை முடித்துவிட்டு வந்திருந்தார். இரண்டு பக்கமும் போய்ப் பேசிப் பார்த்தார். சாவி வரவில்லை. அவர் முகத்தில் களைப்பு அப்பட்டமாகத் தெரிந்தது. அப்போது லூர்துமேரி தோளிலிருந்த கட்டை இறக்கிப் பிரித்தார்.

"கோயிலுதானுங்க பூட்டிக் கெடக்குது. ரோடு தொறந்துதானே இருக்குது? மந்திரிங்க ஃபாதர்."

குருத்தோலைகளைச் சாலையில் வைத்தே ஃபாதர் ஜெபம் சொல்லி மந்திரித்தார். லூர்துமேரி கீழூர்க்காரர்களுக்குக் கொடுத்தார். பிறகு படியேறி மேலூர்க்காரர்கள் கையிலும் ஒவ்வொன்றாகத் திணித்தார். அவரும் கீழூர்க்காரர்தான். வாங்க மாட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. பவனி சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி மேடேறி வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றது. ஒரு மர மேசையைக் கொண்டுவந்து போட்டார்கள். அதுதான் பீடம்.

குருத்து ஞாயிறு பூசையில் ஆண்டவரின் பாடுகளை, அதாவது அவர் துன்பப்பட்டு இறந்த வரலாற்றை, மூன்று பேர் பிரித்து வாசிப்பது வழக்கம். இங்கே எப்போதும் ஃபாதரோடு மேலூரில் ஒருவரும் கீழூரில் ஒருவரும் வாசிப்பார்களாம். அன்றைக்கு அந்த ஆள் வாசித்தால் நான் வாசிக்க மாட்டேன் என்று இரண்டு பேருமே பின்வாங்கிவிட்டார்கள். ஃபாதர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். நான் கை நீட்டியிருப்பேன். லூர்துமேரி என்னைத் தாண்டி ஆன்சியிடம் போனார்.

"கண்ணு, தமிழ் வாசிப்பியா?"

"வாசிப்பேன். ஆனா எனக்கு இதெல்லாம்..."

"நீ மேலூரும் இல்ல, கீழூரும் இல்ல. வா சாமி."

ஆன்சி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. போனாள்.

நிகழ்ச்சியைச் சொல்லிக்கொண்டு போகிறவரின் பாகத்தை அவள் வாசித்தாள். இயேசு பேசுவதை ஃபாதரும் மற்றவர்கள் பேசுவதை லூர்துமேரியும் வாசித்தார்கள். ஆரம்பத்தில் தேர்வுக் கேள்வியைப் படிப்பதுபோல் வேகமாக ஓட்டினாள். சீடர் பேதுரு இயேசுவை மறுதலிக்கிற இடம் வந்தபோது வேகம் குறைந்தது. தெரியாது, தெரியாது என்று மூன்று முறை சொல்லிவிட்டு அந்த மனிதர் வெளியே போய் அழுகிற இடத்தில் நின்றுவிட்டாள். அடுத்த வரி தவறிப்போயிற்றோ என்று நினைத்தேன். தவறவில்லை. பிறகு மெதுவாகத் தொடர்ந்தாள்.

ஆண்டவர் உயிர்விடுகிற இடத்தில் எல்லோரும் மண்டியிட வேண்டும். ஜல்லி மேல் மண்டியிட்டோம். வயதானவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். பிடித்த தோள் எந்த ஊர்த் தோள் என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. சவரிமுத்துவும் மண்டியிட்டார். வாசகம் முடிந்ததும் எழுந்து போய்ப் பூட்டைத் திறந்தார்.

"உள்ள வாங்க. வெயிலு ஏறுது" என்றார்.

கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. மேலூர்க்காரர்கள் இடப்பக்கமும் கீழூர்க்காரர்கள் வலப்பக்கமும் உட்கார்ந்தார்கள். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்கிற நேரத்தில் நடுவில் இருந்த இடைவெளியைத் தாண்டிக் கைகூப்பியவர்கள் நாலைந்து பேர்தான். கொடிமரம் எங்கே என்பது இன்றுவரை முடிவாகவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் நற்கருணை அப்பம் வாங்க ஒரே வரிசைதான். அதில் எல்லோரும் நின்றார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் ஆன்சி இயர்போனைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். பிறகு, "அவ்வளவு சண்டை போட்டும் யாரும் வீட்டுக்குப் போகலை, கவனிச்சியாம்மா?" என்றாள். கவனித்தேன் என்றேன்.

விடுதியில் எல்லோரும் அப்போதுதான் இட்லி சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ரொம்பப் போர் அடித்ததா என்று ஷீலா ஆன்சியைக் கேட்டாள். "இல்ல ஆன்ட்டி, பாடுகள் வாசிச்சேன்" என்றாள். வின்சென்ட் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "எந்தப் பாகம்?" என்று கேட்டார். சொன்னாள். "அது ரொம்ப நீளமாச்சே" என்றார். அதன் பிறகு அவர் அன்றைக்கு எதையும் விளக்கவில்லை. ஜெரால்டு தன் பக்கத்து நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். நான் ஆன்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஊர் திரும்பிய பிறகு பயிற்சி மையத்துக்குப் போனோம். ஞாயிறு வகுப்புக்குப் பூசை முடித்துத்தான் வருவாள், முடியாது என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லத்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஆன்சியே சொல்லிவிட்டாள். மேலாளர் இந்த முறை சிரிக்கவில்லை, மறுத்தார். இப்போது வேறொரு மையத்தில் வார நாள் சாயங்கால வகுப்புக்கு மாறியிருக்கிறாள். எல்லா ஞாயிறும் உற்சாகமாக எழுகிறாள் என்று பொய் சொல்லமாட்டேன். எழுகிறாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கார் இல்லாதவர்களுக்கு நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஸ் இருக்கிறது. செம்மேட்டில் இறங்கினால் ஆட்டோ கிடைக்கும், ஏறுவதற்கு முன்பே கூலி பேசிக்கொள்ளுங்கள். காலையில் குளிரும், சால்வை வேண்டும். அருவிக்கு ஆயிரம் படிக்குமேல் இறங்கி ஏற வேண்டும், மூட்டுவலி உள்ளவர்கள் யோசித்துப் போங்கள். கத்தோலிக்கராக இருந்தால், அறை பதிவு செய்வதற்கு முன்னாலேயே பூசை நேரத்தை விசாரித்துவிடுங்கள். மலைக்கோயில்களில் ஃபாதர் எல்லா வாரமும் வருவதில்லை. கூட வருகிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், நீங்கள் கிளம்புங்கள். அங்கே போய்ச் சண்டையைப் பார்த்தால், என்னைப்போல் கத்த வேண்டும் என்றால் கத்துங்கள், ஆனால் ஆட்டோவைத் திருப்பச் சொல்லாதீர்கள். முடிந்தால் உங்கள் பிள்ளையையும் கூட்டிப்போங்கள். வாசிக்க ஆள் தேவைப்படும்.