யாரென்று பார்க்காமல் வாங்க என்றேன்

பேய், காட்டேரி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து டீ குடிக்கப் போகிற ஆள் நான். நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறி நெய்கிறேன், கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். போன வருடம் நூலகத்தில் தலையணை மாதிரி ஒரு புத்தகம் கிடைத்தது. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலீஷ் ரத்தக்காட்டேரிக் கதை, தமிழில். படித்தால் தூக்கம் வராது என்று அட்டையில் போட்டிருந்தான், எனக்கோ பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை தூக்கம் வந்தது. ஆளாளுக்குக் கடிதம் எழுதுகிறார்கள், டைரி எழுதுகிறார்கள், காட்டேரியைக் காணவே காணோம். அதிலும் யாராவது கூப்பிட்டால்தான் அது வீட்டுக்குள் வருமாம். ஒரு மத்தியானம் ஒருவழியாக முடித்து, கடுப்பில் தூக்கிப் போட்டுவிட்டு என் மனைவி தேவியிடம் புலம்பினேன்.

"பத்திரிகை வெச்சு அழைக்கணும் போல, சம்பந்தி வூட்டுக்காரன் மாதிரி. இதுக்குப் போயி பதினஞ்சு நாள் வேஸ்ட் பண்ணிக்கினு இருந்தேன்."

"படிச்சது போதும், தறியில உக்காருங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளறையில் போய்ப் படுத்தாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம். ரத்தம் கம்மி, இன்னும் குறைந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கிருந்த பயம் அது ஒன்றுதான்.

தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து, சேலையின் கரையை அதன் உடல் பகுதியோடு இழை இழையாகக் கோத்துக்கொண்டிருந்தேன். அதில் கண்ணை எடுத்தால் இழை தப்பும். அதனால் எங்கள் தெருவில் வாசலில் நிழல் விழுந்தாலே, தலை நிமிராமல் வாங்க என்று சொல்லிவிடுவோம். அன்றும் நிழல் விழுந்தது. மணி மூன்று இருக்கும், நல்ல வெயில்.

"வாங்க, உள்ள வாங்க," என்றேன். காலடி என்னைத் தாண்டி உள்ளறைக்குப் போனது. பக்கத்து வீட்டு அக்கா என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் தேவி கூப்பிட்டாள். "யாருங்க அது? கையப் புடிச்சிக்கினு பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. கை அப்டி சில்லுனு இருந்துது. கண்ணத் தெறந்தா ஆளக் காணோம்."

எங்கள் வீட்டுக்கு ஒரே வாசல், அது என் தறிக்கு எதிரே இருக்கிறது. யாரும் வெளியே போகவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

மறுநாள் பரிசோதனையில் ரத்தம் பாதியாக இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு பாட்டில் ஏற்றினார்கள், நான் வெளியே நின்று அழுதேன். பிறகு திருப்பருத்திக்குன்றத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். அங்கே தேறினாள், பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மூன்றாம் மாதம் இருவரையும் கூட்டிவந்தேன். நான்கே நாளில் தாயும் பிள்ளையும் வெளுத்துப் போனார்கள். டாக்டர் ஏதோ காரணம் சொன்னார், இருக்கலாம். ஆனால் நான் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டேன். என் பிழைப்போ தரையைத் தோண்டிப் போட்ட தறி, அதை விட்டு நான் எங்கே போவது?

போன வாரம் தேவி போன் செய்தாள். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"எப்பதாங்க எங்கள வரச் சொல்லுவீங்க?" என்று கேட்டாள். நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தேன். அவள் சட்டென்று சிரித்தாள்.

"பக்கத்துல யாருங்க? அவங்களே வரச் சொல்லு, வரச் சொல்லுன்னு சொல்லிக்கினு இருக்காங்க, நீங்க ஏன் வாயத் தொறக்க மாட்றீங்க?"