மாமா இறக்கிய விமானம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன், இதை நம்புங்கள் என்று உங்களிடம் கேட்க எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

என் மாமனார் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மீசை முளைக்கும் வயதில் விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர். வங்கதேச யுத்தத்தின்போது விமானங்களைச் சரிபார்த்து அனுப்புவதும், திரும்பி வருகிறவற்றைக் கையசைத்து நிறுத்துவதும் அவர் வேலை. ஒரு நாள் அவர் பெல்ட் மாட்டி அனுப்பிய இளம் பைலட் திரும்பி வரவேயில்லை. எந்தக் காட்டில் விழுந்தாரோ என்றுதான் மாமா சொல்வார். ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, பம்புசெட் பழுதுபார்க்கும் கடை வைத்து, பிள்ளைகளை ஆளாக்கி, அத்தையையும் பறிகொடுத்து, எண்பதை நெருங்கிவிட்டார். காதுகள் சுத்தமாக அடைத்துப்போயிருந்தன, பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் திரும்ப மாட்டார். அந்தப் பைலட்டை மட்டும் மறக்கவில்லை.

"நான்தாம்மா கை காட்டி அனுப்புனேன். இறக்க வேண்டியதும் நான்தானே" என்பார்.

போன வருடம் ஒரு மத்தியானம், வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வேர்க்கடலை காயப்போட்டுவிட்டு வந்து மாமாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். சட்டென்று தலையைத் தூக்கினார்.

"சத்தம் கேக்குதாம்மா? வந்துட்டாரு."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. வாசற்படி இறங்கவே என் கையைப் பிடிக்கிறவர், அன்று மாடிப்படியில் விடுவிடுவென்று ஏறினார்.

"மாமா, விழுந்துடப் போறீங்க, நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.

மாடியில் நிமிர்ந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, வா வா என்று எதையோ அழைத்தபடி அடி அடியாகப் பின்னால் நகர்ந்தார். அனல் காற்று ஒன்று என் முகத்தில் அடித்தது, கூடவே மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. காயப்போட்டிருந்த கடலை சடசடவென்று இரண்டு பக்கமும் ஒதுங்கி நடுவில் தரை தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணால் பார்த்தேன். மாமா கைகளைக் குறுக்கே வைத்து நிறுத்தச் சொன்னார். காற்று நின்றது.

விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். "ரொம்ப லேட்டாயிடுச்சு சார்" என்றார், அழுகையும் சிரிப்புமாக. அப்புறம் என் பக்கம் திரும்பி, "தண்ணி எடுத்துட்டு வாம்மா" என்றார்.

நான் செம்போடு திரும்பி வந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை.

டாக்டர் மாரடைப்பு என்றார். வெயிலில் உனக்குக் கண் இருட்டியிருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். நானும் அப்படியே நினைத்துக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு எதிர்வீட்டு நஸீமா அக்கா வந்து உட்கார்ந்தார். புதிதாகக் குடிவந்தவர், மாமாவின் யுத்தக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது.

"ஏன் கவிதா, அன்னிக்கு மாமா கூட மாடில நின்னாரே, சின்ன வயசு, யாரு அவரு? எங்க மாடி ஜன்னல்லேர்ந்து பாத்தேன். மழையே இல்ல, தலைலேர்ந்து கால் வரைக்கும் தண்ணி சொட்டச் சொட்ட நின்னாரு. ஒரு துண்டாவது குடுத்திருக்கலாமே."

அந்தப் பைலட் விழுந்தது கடலாக இருக்கும் என்று அதுவரை எங்கள் வீட்டில் யாருமே நினைத்ததில்லை. இப்போதும் மாடிக் கொடியில் துணி உலர்த்தும்போது தரையில் ஈரம் சொட்டுகிற சத்தம் கேட்டால், திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்துவிடுகிறேன்.