கடலுக்கு முறை வைத்த மாமா

ஆறாவது படிக்கும்போது பள்ளி இலக்கிய மன்றத்தில் எனக்கு வாய்த்த தலைப்பு, கடலோரச் சிற்றூர் ஒன்றில் அந்தக் காலத்தில் வாழ்ந்த ஒரு கவிஞரும் ஓவியரும். தமிழாசிரியர் எழுதிக் கொடுத்தது இரண்டே வரி. பேச வேண்டியது ஐந்து நிமிடம். முதல் பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அது கிடைக்காவிட்டால் உயிரோடு இருந்து என்ன பயன் என்று நினைத்தேன்.

சங்ககிரியில் லாரி ஓட்டிய மாமாவை விட்டால் எனக்கு வேறு கதியில்லை. கடற்கரைப் பக்கம் லோடு ஏற்றிப் போகாத மாதமே இல்லை என்று வீட்டில் அளப்பார்.

"அந்த ஊரு எனக்குத் தண்ணிபட்ட பாடு சாமி. எழுதிக்க" என்று கட்டிலில் சாய்ந்தார்.

அலைச் சத்தத்தில் கவிஞருக்குப் பாட்டு வரவில்லையாம். அலை இல்லாவிட்டால் ஓவியருக்குப் படம் வரவில்லையாம். இருவருக்கும் அடிதடி. கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, நம் வாய்க்காலுக்கு வைப்பதுபோலக் கடலுக்கும் முறை வைத்தார்களாம். மூன்று நாள் கடல் மதகை அடைத்தால் கவிஞர் முறை, மூன்று நாள் திறந்தால் ஓவியர் முறை.

நான் ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். ஆசிரியர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நடுவராக வந்திருந்த அதிகாரிக்கு அதே ஊராம், பாவம், கண்ணில் நீர் வரச் சிரித்தார். சொந்த ஊர்க் கடலையே சரியாகப் பார்க்காத மனிதர் என்று இரக்கப்பட்டேன். டிபன் பாக்ஸை என்னிடமே கொடுத்தார்.

வாசலில் நின்ற மாமாவிடம், "மதகு எந்தப் பக்கங்க?" என்று அந்த அதிகாரி கேட்டார்.

"பாத்து ரொம்ப நாளாச்சுங்க" என்று மாமா நழுவினார்.

அடுத்த வாரமே மாமா எங்கள் எல்லோரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு அந்த ஊருக்குப் போனார். வழியில் நாலு இடத்தில் வழி கேட்டார். நாங்கள் கூச்சலிட்டுக்கொண்டு அலைக்குள் ஓடினோம். அத்தனை சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு வாய்த்ததில்லை. மாமா மட்டும் செருப்பைக்கூடக் கழற்றாமல், வேட்டி நனைவது தெரியாமல் நின்றார்.

"ஏண்டா தம்பி, நீ பாக்காத கடலா?" என்றாள் அம்மா.

மாமா குனிந்து ஒரு கை நீரை அள்ளி நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்து, என்னைப் பார்த்துச் சின்னப் பையன்போலச் சிரித்தார். மாதா மாதம் வருகிறவர் இதை ஏன் ருசி பார்க்க வேண்டும் என்று எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை.