சிவப்புப் பொட்டு வைத்த டிஸ்க்

எதிர் வீட்டில் மாடி எடுக்கிறார்கள். காலையில் தேநீரோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் சிமெந்துத் தூசும் கிரைண்டர் சத்தமும்தான். நேற்று அங்கே வேலை செய்கிறவர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் ஒன்றை வெட்டத் தொடங்கினார். கேட்டவுடனே எனக்குப் பல் கூசியது. அது வெட்டுகிற சத்தமே இல்லை, உரசுகிற சத்தம். பின்னாலேயே கிரைண்டரில் சுழலுகிற டிஸ்க்கின், அதாவது வெட்டுத் தட்டின், கருகிய பசை நாற்றமும் வந்தது.

"தடிச்ச டிஸ்க்கப் போட்டுக்கிட்டு அமுக்குறாரு பாருங்க!" என்றேன்.

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவரு ஒன்னும் ஒங்கிட்ட கேக்கலயே" என்றார்.

உண்மைதான், கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு காலத்தில் மாத்தளை நகரத்தில் பாதிப் பேர் என்னிடம் கேட்டுத்தான் டிஸ்க் வாங்கினார்கள். நம்பமாட்டீர்கள், ஆனால் நிஜம்.

படிப்பு முடிந்த கையோடு நான் போய்ச் சேர்ந்தது நகரத்து ஹார்ட்வெயர் கடை ஒன்றின் கவுண்டரில். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். எனக்கு முன்னமே கராம்பு மூட்டைகள் ஏறி நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும். கடைக்குள் நுழையும்போது என் உடுப்பெல்லாம் கராம்பு மணக்கும். அரை மணி நேரத்தில் அது போய் டேர்பன்டைனும் ஆணி டப்பாவின் கிரீஸும் மணக்கத் தொடங்கும். இரண்டுமே எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள்.

முதல் மாதம் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. டிஸ்க் என்றால் டிஸ்க், வட்டமாக இருந்தால் சரி என்றிருந்தேன். ஒருவர் ஓடு வெட்டக் கேட்டதற்கு இரும்பு வெட்டுகிறதைக் கொடுத்துவிட்டேன். அடுத்த நாள் அவர் வந்து திட்டிய திட்டு இருக்கிறதே, அதற்குப் பிறகுதான் எனக்கு ரோசம் வந்தது. ஆள் இல்லாத நேரமெல்லாம் டிஸ்க்கின் முகத்தில் போட்டிருப்பதை எழுத்துக் கூட்டி வாசித்தேன். வாங்க வருகிறவர்களிடமும் கூச்சமில்லாமல் கேட்டேன்: "எதை வெட்டப் போறீங்க?"

இந்தக் கேள்வி இருக்கிறதே, ஊருக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் கிடையாது. யார் வீட்டில் மாடி ஏறுகிறது, யார் வீட்டுக் கேட்டில் லொறி இடித்தது, ரிவர்ஸ்டன் பாதையில் யார் ஹோட்டல் கட்டுகிறார்கள், எல்லாம் என் கவுண்டருக்கு வந்துவிடும். கலேவெலவிலிருந்து வந்த மிளகாய்த் தோட்டக்காரர் ஒருவர், இருப்பதிலேயே மலிவான டிஸ்க் போதும் என்றார். எதை வெட்டவென்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, மாமியாருடைய அலுமாரிப் பூட்டு என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். சாவி தொலைந்துவிட்டதாம். யாருடைய கையில் தொலைந்தது என்று நான் கேட்கவில்லை.

ஸ்டெயின்லெஸ் வெட்ட வருகிறவர்களை மட்டும் நான் இலேசில் விடமாட்டேன். அதற்கு மெல்லிய டிஸ்க் வேண்டும், ஒரு மில்லிமீட்டர். தடித்தது வெட்டுவதற்கு முன்னால் சூடாக்கிவிடும். சூடானால் வெட்டின ஓரம் நீலம் பாரிக்கும். அந்த நீலத்தைத் தேய்த்து எடுப்பதற்குள் மனிதனுக்கு வாழ்க்கை வெறுத்துவிடும். அமுக்கவே கூடாது, டிஸ்க் தன் பாட்டில் இறங்க விட வேண்டும். நடுவிலிருக்கிற தகர வளையத்தில் திகதி போட்டிருக்கும், அது கடந்திருந்தால் தொடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: இரும்பை வெட்டின டிஸ்க்கை ஸ்டெயின்லெஸ்ஸுக்குக் கொண்டுபோகவே கூடாது. இரும்புத் தூள் அதில் ஒட்டிக்கொண்டு, நம்முடைய மழைக்கும் பனிக்கும் சில நாட்களில் துருப் புள்ளி போட்டுவிடும். பாஸ்மாருக்கு, அதாவது வேலை தெரிந்த மேசன்மார் வெல்டர்மாருக்கு, இது தெரியாததில்லை. அவசரத்தில் கைக்கு வந்ததை மாட்டிவிடுவார்கள். அதனால் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு என்று வாங்கினால், என் நகப்பூச்சைத் திறந்து டிஸ்க்கின் வளையத்தில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்துத்தான் கொடுப்பேன். முதலாளி ஹாஜியார் தலையில் அடித்துக்கொள்வார். "கட வெச்சீக்கிறமா, கலியாண ஊடா புள்ள இது?" என்பார்.

கலியாண வீடு என்றதும் சபீனா ராத்தா ஞாபகம் வந்துவிட்டது. ராத்தா என்றால் முஸ்லிம் வீடுகளில் அக்கா. எங்கள் ஹாஜியாருக்குத் தூரத்து உறவு. நல்ல உயரம், நல்ல குரல், ஒரு கோபத்துக்கும் அடுத்த கோபத்துக்கும் நடுவில் வாய் நிறையச் சிரிப்பு. மகளின் கலியாணத்துக்கென்று வீட்டுப் படிக்கட்டுக்கும் மேல் மாடிக்கும் ஸ்டெயின்லெஸ் கைப்பிடி போட்டார். வேலை செய்தவர் ராஜு பாஸ் என்ற வெல்டர். கண்ணாடியை நெற்றியில் அழகுக்கு மாட்டிக்கொண்டு திரிகிற ஆள். அவரைத்தான் நான் பின்னால் கட்டிக்கொண்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை, அவருக்கு அப்போதே மூன்று பிள்ளைகள். அந்த வேலைக்குச் சிவப்புப் பொட்டு வைத்த டிஸ்க்கெல்லாம் நான் கொடுத்ததுதான்.

கைப்பிடி போட்டுச் சில வாரம் இருக்கும். சபீனா ராத்தா புயல் மாதிரி கடைக்குள் வந்தார்.

"ஹாஜியார், ஒங்கட கடைல என்னத்த விக்கிறீங்க? கைப்பிடி பூரா அம்மைப் புள்ளி மாதிரி துரு ஈக்கு! கலியாணத்துக்கு வார ஆக்களுக்கு என்னத்தச் சொல்ற?"

ராஜு பாஸைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "நான் சுத்தமாத்தான் செஞ்சேன் மொதலாளி. டிஸ்க்ல ஏதும் பிழையோ என்னமோ" என்று சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்தார். எல்லாக் கண்ணும் என்மேல் திரும்பியது. ஹாஜியார் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "கலியாணத்துக்கு முந்தி என்ன பிழைன்னு எனக்குத் தெரியோணும் மகள். இல்லாட்டி கவுண்டருக்கு வேற ஆளப் பாக்க வேண்டி வரும்" என்றார்.

அந்தக் கவுண்டரை விட எனக்கு மனசில்லை. தங்கச்சியின் டியூஷன் அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது, அது ஒரு பக்கம். அதைவிட, காலையில் ஷட்டர் ஏறும்போது முதல் ஆளாக உள்ளே போய் நிற்பதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வேன்?

ஹாஜியாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ராஜு பாஸையும் இழுத்துக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் இரண்டு பேரும் சண்டை.

"இரும்பு கேட் வெட்டுனதுக்கு அந்த டிஸ்க்கத்தானே போட்டீங்க?"

"சத்தியமா இல்ல தங்கச்சி! ஒங்க பொட்டப் பாத்தாலே எம் பொண்டாட்டி மொறைக்கிற மாதிரி இருக்கும், யாரு தொடுவா?"

வீட்டில் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருந்தது. டிஸ்க்கில் பிழையென்றால் வெட்டின இடத்திலும் ஒட்டின இடத்திலும்தான் துரு வர வேண்டும். இங்கே நீளத்துக்கு, கை எட்டுகிற இடமெல்லாம் வந்திருந்தது. மேல் மாடிக் கைப்பிடியின் வெளிப்பக்கம், எட்டிக்கூடத் தொட முடியாத இடம், பளபளவென்று புதுசு மாதிரி இருந்தது. ராஜு பாஸ் நெற்றிக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிப் பார்த்தார். அதை அவர் அணிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் சபீனா ராத்தா இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்தார். எங்களைக் குடிக்கச் சொல்லிவிட்டு, பேசிக்கொண்டே படியோரத்து வாளியிலிருந்து எதையோ எடுத்துக் கைப்பிடியைத் தேய்க்கத் தொடங்கினார். பிள்ளைக்குத் தலை துடைக்கிற மாதிரி அவ்வளவு பாசமாகத் தேய்த்தார். கையிலிருந்தது கம்பிப் பஞ்சு. சட்டி தேய்க்கிற, சாம்பல் நிறத்து இரும்புக் கம்பிப் பஞ்சு! தினமும் விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு இதுதான் முதல் வேலையாம்.

ராஜு பாஸ் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினார்.

நான் ராத்தாவைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிங்க் ஓரத்தில் இன்னொரு பஞ்சு கிடந்தது. தூக்கினேன். வெள்ளை மாபிளில் வட்டமாகத் துருக் கறை.

"ராத்தா, இந்த நெறத்த எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

கறையைப் பார்த்தார். கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார். இப்போது என்ன வெடிக்கப் போகிறதோ என்று பார்த்தேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அல்லாஹ்வே! நானா செஞ்சேன்? என் கையாலயே தேச்சுத் தேச்சு?"

சிரிப்பு அடங்கியதும் என் கையைப் பிடித்தார். "யாருக்கும் சொல்லிராத புள்ள. மாப்புள்ள ஊட்டாக்களுக்குத் தெரிஞ்சா கலியாணம் முடிஞ்சும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க." நான் யோசிக்காமல், "சொல்ல மாட்டேன் ராத்தா" என்று சத்தியம் செய்துவிட்டேன். புத்திசாலி!

அன்றைக்கே ராஜு பாஸ் புள்ளியெல்லாம் எடுத்துக் கைப்பிடியைக் கண்ணாடியாக்கிவிட்டார். கடைக்குத் திரும்பினதும் ஹாஜியார் கேட்டார்.

"சரியாகிட்டா?"

"சரியாகிட்டு ஹாஜியார்."

"டிஸ்க்ல பிழையா?"

"இல்ல."

"அப்ப யார்ல பிழை?"

நான் ஆணி டப்பாவை அடுக்கத் தொடங்கினேன். மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் அடுக்கினேன். "வாய் தொறக்காட்டி பிழை ஒங்கிட்டத்தான்னு ஆகிரும். மாசம் முடிய மட்டும் நில்லு, அதுக்குப் பொறகு வர வாணாம்" என்றார். வீட்டில் அம்மாவிடம் சொல்லி அழுதேன். "எங்ககிட்ட மட்டும் அந்த வாய் ஓயாம பேசுதே, அங்க போயி என்னா ஆச்சு?" என்று அம்மா கேட்டாள்.

அடுத்த ஞாயிறு. வாரச் சந்தை கூடுகிற பொல நாள் என்பதால் அங்கே வந்த கூட்டம் எல்லாம் எங்கள் கடைக்குள். ஆணி வாங்க வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா, அவர்கள் வழக்கில் சாச்சா, கூடக் கவுண்டரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அப்போது சபீனா ராத்தா உள்ளே வந்தார். சாச்சாவைப் பார்த்து ஒரு கணம் நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து, பையிலிருந்து துருப்பிடித்த கம்பிப் பஞ்சை எடுத்து எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார்.

"ஹாஜியார், நீங்க இவள நிப்பாட்டுறதா ராஜு பாஸ் சொன்னாரு. இந்தப் புள்ளைல ஒரு பிழையும் இல்ல. கைப்பிடியக் கெடுத்தது நான், இந்தப் பஞ்சால! சொல்ல வாணாம்ன்னு நான்தான் வாயக் கட்டினேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க. இவள அனுப்பினா நானும் இந்தக் கடைப் படி மிதிக்க மாட்டேன்!"

சாச்சாதான் முதலில் சிரித்தார். "எங்கட ஊட்டுலயும் அதால தானே தேய்க்கிறாங்க! நல்ல வேளை, சொன்னீங்க" என்றார்.

சபீனா ராத்தா அதோடு விட்டாரா? "அது சரி ஹாஜியார், பளபளப்பா வர நல்லதொன்னு தாங்கன்னு கேட்டதுக்கு இந்தப் பஞ்ச எடுத்துத் தந்தது யாரு?" ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். பிறகு கடையே அதிரச் சிரித்தார். எனக்கு வந்த அழுகையும் சிரிப்பும் எது முந்துவது என்று தெரியாமல் இரண்டும் ஒன்றாக வந்தன.

கலியாணத்துக்குக் கடை மொத்தமும் போனோம். என்னையும் எல்லாரும் ஒன்றாகக் கை போட்டுச் சாப்பிடுகிற சஹன் தட்டு ஒன்றைச் சுற்றிப் பெண்களோடு உட்கார வைத்து, இறைச்சித் துண்டைத் தேடித் தேடி என் பக்கம் தள்ளினார் ராத்தா. அதற்குப் பிறகு நெடுங்காலம் அந்தக் கவுண்டரில் நின்றேன்.

இப்போது கடை ஹாஜியாரின் பிள்ளைகள் கையில். கவுண்டர் இல்லை. டிஸ்க்கெல்லாம் பாக்கெட்டில் தொங்குகின்றன, வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம். பொருள் சரியில்லை என்றால் கடைப் படியில் நின்றே போனில் எழுதிவிடுகிறார்கள், யாருடைய பிழை என்று தெரிவதற்கு முன்னமே ஊர் முழுக்க வாசித்தாகிவிடுகிறது. நானும் சில நேரம் எடுத்து வாசிப்பேன். இது சரியில்லை, அவன் சரியில்லை என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. பொல நாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, சம்பந்தி வீட்டார் முன்னால், பிழை என்னுடையது என்று சொல்ல வருகிறவரைத்தான் காணவில்லை.