லூர்து மேரி வழக்கும் எங்கள் இரண்டு நாற்காலிகளும்

அரசு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் வேலை பார்க்கச் சட்டம் தெரிய வேண்டியதில்லை; எந்தத் தாள் எந்த மேஜையில் எத்தனை நாள் தூங்கும் என்று தெரிந்தால் போதும். நான் படித்தது பி.காம். பதினான்கு வருடமாகச் சட்டப் பிரிவில் உதவியாளர். உங்களில் யாராவது கக்கத்தில் ஃபைலை இடுக்கிக்கொண்டு ஒரே ஒரு கையெழுத்துக்காக வராந்தாவில் அரை நாள் நின்றிருந்தால், நீங்கள் என் சொந்தக்காரர். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், பாதகமில்லை.

எங்கள் நிறுவனம் புதுச்சேரி அரசுக்குச் சொந்தமானது. பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு, ஆஸ்பத்திரிக்குக் கட்டில், ஆபீசுக்கு நாற்காலி செய்கிறோம். பட்டறை உழவர்கரைப் பக்கம், ஆபீஸ் டவுனில். எங்களை மேற்பார்வை பார்க்க ஒரு துறை உண்டு. அந்தத் துறையைக் கேட்காமல் நாங்கள் ஒரு ஆணி அடிக்க முடியாது. மரச்சாமான் செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

செய்த குற்றம்

லூர்து மேரி உப்பளம் பகுதிக்காரர். எங்கள் பட்டறையில் பாலிஷ் பிரிவு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் துறையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பட்டறையைப் பார்வையிட வந்தார். சுற்றிப் பார்த்ததில் களைத்துப்போய், பளபளவென்று நின்ற ஒரு நாற்காலியில் உட்காரப் போனார். அதன் பின்னங்கால் ஒன்று இன்னும் பொருத்தப்படவில்லை. சும்மா முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தது. லூர்து மேரி கையில் பாலிஷ் துணியோடு ஓடிவந்து, "உக்காராதீங்க!" என்று கத்திவிட்டார்.

அதிகாரி விழவில்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால் ஒரு பாலிஷ்காரம்மா தன்னை அதட்டிவிட்டாள் என்பது மட்டும் அவர் மனசில் விழுந்துவிட்டது. மறுநாளே குற்றச்சாட்டு மெமோ வந்தது: "ஆய்வுக்கு வந்த உயரதிகாரியை, ஊழியர்கள் முன்னிலையில், அமரவிடாமல் தடுத்தது." விசாரணை வைத்தார்கள். சாட்சிப் பொருளாக அந்த நாற்காலியையே கொண்டுவந்தார்கள். அதற்குள் காலைப் பொருத்தி, திருகி, இன்னொரு கை பாலிஷும் போட்டாகிவிட்டது. விசாரணை அதிகாரி உட்கார்ந்து பார்த்தார், ஆடக்கூட இல்லை. ஆகவே லூர்து மேரி சொன்னது பொய் என்று எழுதி, வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். அன்றைக்குத் தச்சர் தணிகாசலம் அவரிடம் சொன்னது இது: "ஏம்மா, அவரு உளுந்திருந்தா அது விபத்து. நீ உளாம காப்பாத்தினதால அது குத்தமாயிடுச்சு."

பஸ்ஸில் எதிர்த்தரப்பு

தொழிலாளர் நீதிமன்றம், அவரை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. எடுத்துக்கொண்டிருப்போம். துறை சென்னை ஐகோர்ட்டில் அப்பீல் போடச் சொன்னது, போட்டோம். அப்புறமென்ன, சென்னை, வாய்தா, சென்னை, வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் காலை பஸ்ஸில் நானும் லூர்து மேரியும் ஒன்றாகத்தான் போவோம். இருக்கிற பஸ் அப்படி. வாதி இடது பக்கம், பிரதிவாதி வலது பக்கம் என்று நாங்கள் பிரிந்து உட்கார்ந்தால் கண்டக்டர் சிரிப்பார்.

மரக்காணம் தாண்டும்போது அவர் டப்பாவைத் திறப்பார். புளிசாதம். எனக்கும் ஒரு பங்கு இருக்கும். சாப்பிட்டுக்கொண்டே ஒருநாள் சொன்னார்: நாற்காலிக்காக ஒருத்தியை வேலையை விட்டு எடுப்பார்கள் என்று அவர் தெருவில் ஒருவரும் நம்பவில்லையாம். எதையோ எடுத்திருக்கிறாள், அதான் அனுப்பிவிட்டார்கள் என்று பேச்சு. மாதா கோயிலில் இவர் போய் உட்கார்ந்தால் பக்கத்துப் பெண்மணி கைப்பையை மறுபக்கம் மாற்றி வைத்துக்கொள்வாராம். ஒன்பது வருடமாக. வரும் ஜூன் கடைசியோடு அவருக்கு அறுபது முடிகிறது. அதற்குள் வேலையில் சேரவில்லையென்றால் அப்புறம் சேர்வதற்கு வேலையே இல்லை. ரிஜிஸ்தரில் "பணிநீக்கம்" என்ற வார்த்தை அப்படியே நின்றுவிடும்.

இன்னொரு நாள் பஸ்ஸில் சரியான கூட்டம். அவருக்கு இடம் கிடைத்தது, எனக்கில்லை. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் கேஸ் கட்டு, அதில் முக்கால்வாசி அவரைத் திட்டி எங்கள் தரப்பு எழுதியது. அவர் கையை நீட்டினார்: "எனக்கு எதிரா எழுதின பேப்பருதானே சார், குடுங்க, மடியில வச்சிக்கிறேன்."

பிரான்ஸ் சந்தேகம்

அப்பீலை வாபஸ் வாங்கலாமா என்று நாங்கள் துறைக்கு ஒரு கடிதம் எழுதினோம். பதில் வர நான்கு மாதம் ஆயிற்று. பதிலில் ஆமாம் என்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. ஒரு கேள்வி இருந்தது. "மேற்படி நபரின் பெயரை நோக்கும்போது, அவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவரா என்பது தெளிவுபடுத்தப்பட வேண்டும்." லூர்து மேரியின் அண்ணன் ஒருவர் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அது எப்படியோ துறையின் காதுக்குப் போயிருக்கிறது. புதுச்சேரியில் தெருவுக்கு நாலு சொல்தா வீடு உண்டு. அதைச் சொன்னால் துறை தெருவையே தெளிவுபடுத்தச் சொல்லும்.

கேட்டுத்தானே ஆகவேண்டும். உப்பளத்தில் அவர் வீட்டுக்கே போய், கூச்சத்தோடு கேட்டேன். லூர்து மேரி மீன் அலசிக்கொண்டிருந்தார். கையைக்கூடத் துடைக்காமல் சொன்னார்: "இன்னா சார் கேக்கறீங்க? எனக்குப் பிரான்சு இருந்தா, உங்க கேட்டாண்ட எதுக்கு சார் ஒம்போது வருஷமா நிக்கப் போறேன்?"

திருப்திகரமாக இல்லை

இந்த இடத்தில் எங்கள் எம்.டி.யைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அதிகாரிகள் குறைவு, பதவிகள் அதிகம். ஒருவருக்கே இரண்டு மூன்று நாற்காலி. எங்கள் நிறுவனத்தின் எம்.டி. யாரோ, அவரேதான் எங்களை மேற்பார்வை பார்க்கும் துறையின் செயலர். காலையில் எங்கள் ஆபீசில் எம்.டி.யாக இருப்பார். மத்தியானத்துக்கு மேல் தலைமைச் செயலகத்தில் செயலராக இருந்து, காலையில் தான் செய்ததை எல்லாம் கண்காணிப்பார். நல்ல மனிதர். கை சுத்தம். விதி என்றால் விதி. அந்த நேர்மைதான் எங்களுக்கு வினை.

பிரெஞ்சுக் குடியுரிமை இல்லை என்று நாங்கள் எழுதியதற்குப் பதில் வரவில்லை; வழக்கு ஏன் இன்னும் முடியவில்லை என்று விளக்கம் கேட்டுத்தான் செயலர் ஒரு கடிதம் எழுதினார். தபாலில் வந்தது. எம்.டி. அதைப் படித்து முகம் சுருங்கி, இரண்டு நாள் யோசித்து, "துறையின் உத்தரவுக்காகக் காத்திருக்கிறோம்" என்று பணிவாக ஒரு பதில் போட்டார். அதுவும் தபாலில் போயிற்று. ஒரு வாரம் கழித்துச் செயலரிடமிருந்து மறுகடிதம்: "தங்கள் விளக்கம் திருப்திகரமாக இல்லை."

எம்.டி. அன்றைக்கு நிஜமாகவே வாடிப்போயிருந்தார். டிபனைக்கூடத் தொடவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. சார், அந்தப் பதிலும் நீங்கள் எழுதியதுதானே, திருப்தி இல்லை என்று எழுதியதும் நீங்கள்தானே என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார்: "எழுதும்போது இந்தக் கோணம் எனக்குத் தோணல. அங்க போய் உக்காந்தாதான் நாம எவ்வளவு மோசமா பதில் எழுதறோம்னு தெரியுது."

ஒரே பேனா

மார்ச் மாதம் ஐகோர்ட்டில் எங்கள் வழக்கு எடுக்கப்பட்டது. நிறுவனத்துக்கு ஒரு வக்கீல், துறைக்கு அரசு வக்கீல். இருவரும் ஒரே கட்சி. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். நிறுவனம் தாக்கல் செய்த அபிடவிட்டில், "அந்த அம்மாளை எடுத்துக்கொள்ள எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, துறைதான் அனுமதி தரவில்லை" என்று இருந்தது. துறையின் அபிடவிட்டில், "நிறுவனத்தின் அன்றாட நிர்வாகத்தில் நாங்கள் தலையிடுவதே இல்லை" என்று இருந்தது.

நீதிபதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே பச்சை மை, கடைசியில் ஒரே சுழி. எங்கள் வக்கீல் எழுந்து, "மை லார்ட், அவர் இரண்டு வெவ்வேறு பொறுப்பில்..." என்று இழுத்தார். பின்வரிசையில் லூர்து மேரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்து நான் பயந்துபோய்த் திரும்பினேன். சிரிப்பு. நீதிபதியும் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டுத்தான் தேதி கொடுத்தார்: "இவங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வரட்டும். ஜூன்ல வந்து சொல்லுங்க."

ஒருவர் கலந்துகொண்ட கூட்டம்

கோர்ட் சொன்னால் எங்கள் சாருக்கு வேதவாக்கு. இருவரும் உட்கார்ந்து பேசவேண்டும் என்றால் பேசத்தான் வேண்டும். முறைப்படி நோட்டீஸ் அனுப்பச் சொன்னார். எம்.டி.க்கு ஒன்று, செயலருக்கு ஒன்று. செயலருக்கு அந்தத் தேதி தோதுப்படவில்லை, தள்ளிப்போட்டார். ஜூன் பாதி போய்விட்டது. கடைசியில் ஒருவழியாகக் கூட்டம் கூடியது. எங்கள் ஆபீஸ் மீட்டிங் ஹாலில் நீள மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, இரண்டு பெயர்ப்பலகை. ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பேராகப் பேசினால் மினிட்ஸ் செல்லாது என்று சார் சொல்லிவிட்டார். எழுதிக்கொள்ள நான். அட்டெண்டர் செல்வி அக்கா இரண்டு டீயோடு உள்ளே வந்து, ஆளையும் பலகைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எந்த சாருக்கு சக்கரை இல்லாம?" என்று கேட்டார்.

சார் எம்.டி. நாற்காலியில் உட்கார்ந்து, துறை அனுமதித்தால் எடுத்துக்கொள்ளத் தயார் என்றார். எழுந்தார், மேஜையைச் சுற்றி நடந்தார், எதிரே உட்கார்ந்தார். "நிறுவனம் முன்மொழிவே அனுப்பலையே, அனுப்பாததுக்கு எப்படி அனுமதி தர்றது?" என்றார். எழுந்தார், சுற்றினார், இந்தப் பக்கம் வந்து, "அனுமதி இல்லாம முன்மொழிவு எப்படி அனுப்பறது?" என்றார். நான்காவது சுற்றில் அவருக்கு மூச்சு வாங்கியது. நான் அன்று காலையே பயந்து பயந்து ஒரு பக்கம் டைப் செய்து வைத்திருந்தேன்: குற்றச்சாட்டு முற்றிலும் கைவிடப்படுகிறது, லூர்து மேரி மீது எந்தக் களங்கமும் இல்லை, உடனே பணியில் சேர்க்கலாம், அப்பீல் வாபஸ். ஐந்தாவது சுற்றில் அவர் எம்.டி. நாற்காலியில் வந்து விழுந்ததும் அதை முன்னால் நீட்டினேன். படித்தார். கையெழுத்துப் போட்டார்.

அவர் எழுந்து நடந்தபோது நானும் தாளோடு கூடவே நடந்தேன். எதிர்ப்பக்கம் உட்கார்ந்ததும் பணிவாக, "நிறுவனத்திலிருந்து வந்திருக்கிறது சார்" என்று வைத்தேன். என்னை நம்புங்கள், அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து புதிதாகப் படித்தார். இரண்டு இடத்தில் தலையாட்டினார். "ஒப்புதல்" என்று எழுதி அந்தச் சுழியைப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்: "தெளிவா எழுதியிருக்காங்க. அந்த எம்.டி.கிட்ட சொல்லுங்க, இதை ஒன்பது வருஷம் முன்னாடியே அனுப்பியிருக்கணும்."

முப்பத்தாறு வீடு

நீதிபதி அதைப் பதிவு செய்துகொண்டார். ஜூன் முடிய நான்கு வேலை நாள் இருக்கும்போது லூர்து மேரி மறுபடி பட்டறைக்குள் நுழைந்தார். நான்கு நாளும் லீவே போடாமல் பாலிஷ் போட்டார். கடைசி நாள் சாயங்காலம் தோள்களில் மாலையோடு, நேரே என் மேஜைக்கு வந்தார். கையில் அந்த ஆர்டர். "களங்கமும் இல்லை" என்ற வரியின்கீழ் அவரே பென்சிலால் கோடு போட்டிருந்தார். ஜெராக்ஸ் வேண்டும் என்றார். எத்தனை என்று கேட்டேன்.

"எங்க தெருவுல முப்பத்தாறு வீடு சார். ஒரு வீடு உட மாட்டேன்."

ஆபீஸ் மெஷினில் வெளியாளுக்கு நகல் எடுக்கத் துறையின் முன் அனுமதி வேண்டும், அவரோ அன்றோடு ஓய்வுபெற்று வெளியாள் ஆகிவிட்டார். கதவைச் சாத்திவிட்டு முப்பத்தாறையும் எடுத்தேன். எடுக்க எடுக்கச் சூடாக வாங்கி, ஒவ்வொன்றாக எண்ணி, மாலை கசங்காமல் மார்போடு அணைத்துக்கொண்டார். வாசலில் ஆட்டோ நின்றது. ஏறுமுன் திரும்பிச் சொன்னார்: "கோயில்ல பைய தள்ளி வச்சிச்சே, அது வீட்டுக்குத்தான் மொதல்ல போறேன்."

யாரையும் கேட்காமல் ஒரு அரசு ஊழியன் முப்பத்தாறு தடவை பட்டனை அமுக்கினால் உலகம் இடிந்து விழாது என்பதுதான் என் பதினான்கு வருடச் சட்ட அறிவு.