தண்ணீர்க் கோடு இல்லாத கப்பல்

போர்க்கப்பல் என்றாலே எனக்குத் தேங்காய் எண்ணெய் வாசனைதான் வரும். சிரிக்காதீர்கள்...

வெள்ளைக் காகிதத்தில் எண்ணெய் தடவிக் காயவைத்தால் அடியில் இருக்கும் படம் தெளிவாகத் தெரியும். டிரேஸிங் பேப்பர் வாங்க வழியில்லாத, ஓசூர் பக்கத்துப் பாகலூர்க்காரனுக்கு அதுதான் டிரேஸிங் பேப்பர்.

"தலைக்குத் தடவவே எண்ணெ இல்ல... உன் பேப்பருக்குக் கேக்குதா?" என்று அம்மா தினமும் கத்துவார்.

ஐம்பதுகளின் கடைசி. பள்ளிப் படிப்பு முடிந்து வீட்டில் சும்மா இருந்தேன். அம்மாவின் தம்பி, எங்கள் மாமு, ராயக்கோட்டையில் காய்கறி மண்டி வைத்திருந்தார். கூடைக்குள் விரிக்க அவர் வாங்கிய பழைய பேப்பர் கட்டில், யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன தடிப் புத்தகம் ஒன்று வந்தது. முழுக்கப் போர்க்கப்பல் படங்கள்.

நான் மயங்கியது ஜெர்மன் சக்கரவர்த்தியின் கடற்படைக்காக ஒரே மாதிரி கட்டிய ஐந்து குரூஸர் ரகக் கப்பல்களிடம். ஹெர்தா, ஃப்ரேயா, வினேட்டா... ஒவ்வொன்றுக்கும் மூன்று புகைபோக்கிகள். விசேஷம் என்னவென்றால், பக்கவாட்டில் இரும்புக் கவசமே கிடையாது. கப்பலுக்கு உள்ளே, எஞ்சினுக்கு மேலே, ஒரு இரும்புத் தளம். நடுவில் தட்டை, இரண்டு ஓரமும் கீழ்நோக்கிச் சரிவு. அந்தக் குறுக்குவெட்டுப் படத்தை மட்டும் நாற்பது தடவை போட்டிருப்பேன். பைத்தியம்தான்!

அப்போது பெங்களூரில் ஒரு தொழிற்சாலை, டிராயிங் ஆபீஸில் வேலை பழக ஆள் எடுத்தது.

"ஒரு தடவ போயி பாத்துட்டு வாடா. கெடைக்கலன்னா திங்கக்கெழமலேர்ந்து மண்டிக்கு வந்துரணும், ஆமா" என்றார் மாமு.

மண்டி வேலை ஒன்றும் கேவலமில்லை. எனக்குத்தான் அங்கே மூச்சு முட்டும். இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும் என்று பஸ் முழுக்க துவா செய்துகொண்டே போனேன்.

இன்டர்வியூ செய்தவர் நரைத்த மீசைக்காரர், கன்னடக்காரர். நான் கொண்டுபோன படங்களைப் புரட்டினார்... புரட்டினார்... கடைசியில், "நீரு எல்லி?" என்றார்.

தண்ணீர் எங்கே என்கிறார். எதற்குக் கேட்கிறார் என்றுதான் எனக்குப் புரியவில்லை. (கன்னடம் எனக்குப் புழக்கம்தான். மற்ற பேச்சைத் தமிழிலேயே சொல்கிறேன்.)

"கப்பல்னா தண்ணில நிக்கணுமேப்பா. எதுவரைக்கும் முங்கியிருக்குன்னு ஒரு கோடு வேணாமா? கடல் பாத்திருக்கியா?"

"இல்லிங்க சார். கெலமங்கலம் ஏரி பாத்திருக்கேன்."

அறையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். புத்தகத்தில் ஒவ்வொரு படத்துக்கும் குறுக்கே மெல்லிசாக ஒரு கோடு இருந்தது உண்மைதான். தாள் மடிந்த தடம் என்று நினைத்து நாற்பது படத்திலும் விட்டுவிட்டேன்! அவ்வளவுதான், மண்டிதான் என்று படங்களை எடுக்கக் கை நீட்டினேன்.

மீசைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பென்சிலை என் பக்கம் நகர்த்தினார்.

"நீயே போடு."

யோசித்தேன்... குண்டு தண்ணீருக்கு மேலேதான் அதிகம் படும். ஓட்டை விழுந்தால் தண்ணீர் உள்ளே வரும். அது எஞ்சினுக்கு இறங்கக் கூடாது என்றால் இரும்புத் தளத்தின் ஓரம் தண்ணீருக்குக் கீழே போய் முடியவேண்டும். அடடா, அதற்குத்தான் அந்தச் சரிவு! தட்டைப் பகுதிக்குக் கொஞ்சம் கீழே, சரிவுக்குக் குறுக்கே கோட்டைப் போட்டேன். காரணத்தையும் திக்கித் திக்கிச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "ஒண்ணாந்தேதி வந்து சேந்துக்கோ."

வெளியே வந்து, சுவர் ஓரமாக நின்று அழுதேன். சொல்வதில் என்ன வெட்கம்?

மறுநாள் மாமு மண்டியில் எல்லாரிடமும், "நம்ம பையன் கப்பல் கட்டப் போறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தொழிற்சாலையில் ஒரு படகுகூடச் செய்ததில்லை.

இன்று ஓசூரில் திரும்பிய பக்கமெல்லாம் கம்பெனி. பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கப்பலையே குப்புறக் கவிழ்த்துக் காட்டுகிறார்கள். பொறாமைதான், ஒத்துக்கொள்கிறேன்.

பிற்பாடு நானும் பல வருஷம் ஆள் எடுத்தேன். தப்பாகப் போட்டவர்களைத் துரத்தவில்லை. "நீயே சரி பண்ணு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். அப்படிச் சேர்ந்த ஒருவர் இப்போது ஓசூரில் சொந்தமாக வொர்க்‌ஷாப் நடத்துகிறார். போன வாரம் போன் செய்தார்.

"சார், தேன்கனிக்கோட்டைலேர்ந்து வேலை கேட்டு ஒரு பொண்ணு வந்துச்சு. டிராயிங்ல தப்பு. நானும் டீ குடிக்கப் போயிட்டேன்."

"அப்புறம்?"

"திரும்பி வந்து பாத்தா... மேசமேல கெடந்த என் டிராயிங்ல இருந்த தப்பையும் சேத்துத் திருத்தி வெச்சிருக்கு சார்!"